பச்சை டிக்

வட்டக்கானல்
12 பிப்ரவரி 2025

குகனுக்கு,

போன் பண்ணினால் நீ பேசியே என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். மெயில் அனுப்பலாமென்றால், ‘அனுப்பியாயிற்று’ என்று திரை சொல்வதை நம்ப இப்போது மனம் வரவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். நானே கோடைக்கானல் தபாலாபீஸுக்குப் போய், கவுண்டரில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்வேன்.

திங்கட்கிழமை கேத்தரினை மதுரைக்குக் கூட்டிப்போனேன். போன ஜூலையில் நரம்பு டாக்டர் மாத்திரையை மாற்றியபோது என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். வலிப்பு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், முந்தின நாள் எவ்வளவு தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், எல்லாவற்றையும் ஆறு மாதம் விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். குறைந்திருந்தால் ஜூனில் திண்டுக்கல் கல்லூரி ஹாஸ்டலில் தைரியமாக விடலாம் என்றார். பிளஸ் டூ முடித்த பிள்ளை, ஒரு வருடமாக என்னோடு நின்று டூரிஸ்ட்டுகளுக்கு ஆம்லெட் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஹாஸ்டலைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் ஒரு நாள்கூட விடவில்லை. லாக்டவுனில் எங்கள் மாடி அறையில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தபோது நீ எனக்காகவே செய்து, பிறகு எல்லோருக்கும் பொதுவில் விட்ட பிரவுசர் எக்ஸ்டென்ஷனை வைத்துத்தான் எழுதினேன். யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் என் மகளுடைய வியாதி கிடக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குத்தான் நீ குறிப்பெழுதும் அந்த விக்கி ஃபைலைக் கொண்டுவந்தாய். ஒரே ஃபைல், நம் லேப்டாப்பிலேயே இருக்கும், நெட் போனாலும் திறக்கும் என்றாய். பிரவுசரில் எழுதுவதை அந்த ஃபைலுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் எக்ஸ்டென்ஷனின் வேலை. சேர்ந்தால் மூலையில் பச்சை டிக் வரும். ஆகஸ்டில் கொஞ்ச நாள் சிவப்பு எக்ஸ் போட்டு முரண்டு பிடித்தது, அதற்குப் பிறகு தினமும் பச்சைதான்.

டாக்டர் முன்னால் திறந்தேன். ஆகஸ்ட் 19ஆம் தேதியோடு நிற்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன், மூடித் திறந்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் பொறுமையாக, ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள் என்றார். இரண்டு தேதி சொன்னேன், இரண்டையும் திருத்தினேன். பதினோரு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள், சொந்த மகளின் கேஸ் ஷீட் இல்லாமல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முந்தின சனிக்கிழமை லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று மூஞ்சிக்கல்லில் ஞானவேல் கடையில் கொடுத்தேன். பிரவுசரைச் சுத்தம் செய்து கொடுத்ததாகச் சொன்னார். ஃபைலை அவர் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார். எழுதியது ஃபைலில் இருந்திருந்தால் பிரவுசரைச் சுத்தம் செய்தால் அது எப்படிப் போகும்?

எங்கே போயிற்று, திரும்பக் கிடைக்குமா, இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். வெரசாக எழுது.

லீமா அக்கா

*

பெங்களூரு
19 பிப்ரவரி 2025

லீமா அக்கா,

உங்கள் கடிதத்தை வாட்ச்மேன் கையில் வைத்துக்கொண்டு, கோர்ட் நோட்டீஸா சார் என்று கேட்டார். நானும் ஒரு நிமிடம் பயந்துதான் போனேன். படித்த பிறகு, நோட்டீஸாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நீங்களும் கேத்தியும் அந்த டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். போன வருடம் பிரவுசர்காரர்கள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளையே மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் எழுதிய எதுவும் ஓடாது. என்னைப் போல வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் விடாமல் திருத்தித் திருத்தி ஓட வைத்திருக்கிறேன். அந்தத் திருத்தங்களில் எங்கோ ஒரு சிக்கல். நீங்கள் எழுதியது பிரவுசருக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ஞானவேல் அதைத் துடைத்ததும் போய்விட்டது. இந்தக் கடைக்காரர்களே இப்படித்தான் அக்கா, கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் துடைத்து வைப்பார்கள்.

லேப்டாப்பைக் கூரியரில் அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆனால் பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. துடைத்த இடத்தின் மேல் வேறு ஏதாவது பதிந்திருந்தால் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு நல்ல சேதி. நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் கேத்தியைப் பற்றி என் விக்கியில் குறித்து வைப்பது என் பழக்கம். இன்று தேடிப் பார்த்தேன், ஆகஸ்டுக்குப் பிறகு எட்டு இருக்கிறது. செப்டம்பர் 3, காலை ஏழு மணி, அடுப்படி, மூன்று நிமிடம். அக்டோபர் 11, மாதா கோயில் படிக்கட்டு. நவம்பர் 20, குளித்துவிட்டு வரும்போது, சிறுநீர் போய்ப் பாவாடை நனைந்துவிட்டது, அரை மணி நேரம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. டிசம்பர் 24. ஜனவரி 16. எல்லாவற்றையும் விவரத்தோடு தனித் தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

கேத்தியிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குகன்

*

வட்டக்கானல்
3 மார்ச் 2025

குகனுக்கு,

உன் தாளை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் எட்டுத் தேதிகளையும் சத்தமாக வாசித்துத் தன் குறிப்பில் ஏற்றிக்கொண்டார். உதவிதான், அதற்கு நன்றி. ஆனால் போனில் சொன்னது பெரிய வலிப்புகளை மட்டும். கையில் டம்ளரைப் பிடித்தபடி அரை நிமிடம் வெறிக்கப் பார்ப்பாளே, அவற்றை நான் யாரிடம் சொன்னேன்? எழுதத்தான் செய்தேன். டாக்டருக்கு வேண்டியது அதுதான். இன்றிலிருந்து புதிதாக எழுதுங்கள், ஏப்ரலில் பார்க்கலாம், ஜூனுக்கு நான் உறுதி சொல்ல முடியாது என்றார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பஸ்ஸில் மலை ஏறும்போதுதான் இது எனக்கு உறைத்தது.

உன்னுடையதும் அதே எக்ஸ்டென்ஷன், அதே பிரவுசர். உன் விக்கியில் செப்டம்பர் இருக்கிறது, டிசம்பர் இருக்கிறது, ஜனவரியும் இருக்கிறது. எனக்கு மட்டும் ஆகஸ்டோடு எப்படி நின்றது?

எனக்கு நிரல் தெரியாது. அதனால் ஞாயிறு பூசை முடிந்து சைமனைப் பிடித்தேன். இங்கே பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கிறவர், உன் எக்ஸ்டென்ஷனை அவரும் ஒரு காலத்தில் வைத்திருந்தவர். அதில் குறை இருந்தால் ஆட்கள் வந்து எழுதும் பொதுப் பக்கம் ஒன்று உண்டு என்று போனில் திறந்து காட்டினார். நவம்பர் 7, அய்யம்பாளையத்திலிருந்து நாச்சிமுத்து என்பவர் எழுதியிருக்கிறார். தென்னந்தோப்புக் குறிப்புகளை எழுதி வைக்கிறவராம். பச்சை டிக் வருகிறது, ஆனால் ஃபைலின் தேதி ஆகஸ்டிலிருந்து மாறவே இல்லை, கொஞ்சம் பாருங்கள் தம்பி என்று கேட்டிருக்கிறார். நீ பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். நான்கு நாள் கழித்து, ‘எனக்குச் சரியாக ஓடுகிறது’ என்று எழுதி அந்தப் புகாரை மூடியிருக்கிறாய்.

இன்னொன்று. நீ இதைச் செய்த நாளில் அடுப்படியில் உட்கார்ந்து நான் உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வார்டில் டாக்டர் போனில் மருந்தின் அளவைச் சொன்னால், நர்ஸ் எழுதிக்கொள்வாள், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவாள். அவர் சரி என்ற பிறகுதான் ஊசியில் ஏற்றுவாள். கேட்டதாக நினைத்துக்கொண்டு ஏற்ற மாட்டாள். உன் டிக்கும் அப்படித்தான் வரவேண்டும் என்றேன். நீ சிரித்தாய். ஆனால் செய்தாய். ஃபைலில் எழுதி, அதே ஃபைலைத் திரும்பத் திறந்து வாசித்து, இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்த பிறகே டிக் வரும்படி வைத்தாய். அதனால்தான் நான் அந்த டிக்கை நம்பினேன். பிரவுசர் கம்பெனியை நான் என்றைக்கும் நம்பியதில்லை, குகன்.

அந்தத் திரும்ப வாசிப்பு எங்கே? யார் எடுத்தது?

லீமா

*

பெங்களூரு
11 மார்ச் 2025

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் முழுதும் உண்மை இல்லை. ஞானவேலைத் திட்டியது தப்பு.

திரும்ப வாசிப்பதை எடுத்தது நான்தான்.

பழைய விதியில் என் நிரல் எந்நேரமும் விழித்திருக்கும். புது விதியில் அரை நிமிடம் வேலை இல்லையென்றால் பிரவுசரே அதைத் தூங்க வைத்துவிடும். நீங்கள் யோசித்து யோசித்து எழுதிவிட்டு, சேமி என்று அழுத்தும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். பாதி நேரம் ஃபைலில் எழுதாது. எழுதினாலும் திரும்ப வாசிக்க முடியாமல் சிவப்பு எக்ஸ் போடும். தினமும் பத்துப் பேர் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் முட்டிப் பார்த்தேன். ஆபீஸிலும் அந்த மாதம் என் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 19 அன்று ஒரு காரியம் செய்தேன். எழுதுவதை பிரவுசருக்குள்ளேயே ஒரு தற்காலிக இடத்தில் போட்டுவிட்டு, உடனே டிக் காட்டும்படி மாற்றினேன். பிறகு விழிக்கும்போது ஃபைலுக்கு மாற்றிக்கொள்ளும் என்பது என் எண்ணம். விக்கியைத் திறந்தால் தற்காலிக இடத்தில் இருப்பதையும் சேர்த்துக் காட்டும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வாரத்துக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் திட்டு நின்றது. பாராட்டு வர ஆரம்பித்தது. அப்புறம் நான் அதைத் தொடவில்லை.

நவம்பரில் நாச்சிமுத்து எழுதியதும் என் ஃபைலைப் பார்த்தேன். ஆகஸ்ட் 19க்குப் பிறகு ஒரு எழுத்துகூட ஃபைலுக்குப் போயிருக்கவில்லை. அன்று மத்தியானமே என்னுடையதை முழுக்க வெளியே எடுத்து, வேறு முறைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் புகாரை மூடினேன். ‘எனக்குச் சரியாக ஓடுகிறது’ என்று நான் எழுதிய நாளில் நான் அதில் எழுதவே இல்லை.

உங்களுக்குச் சொல்லத் தோன்றாமல் இல்லை. டிசம்பர் 24 அன்று சொல்லத்தான் போன் செய்தேன். நீங்கள் எடுத்ததும், கேத்திக்கு இப்போதுதான் வந்து அடங்கியது, இந்த மாதம் இதுதான் முதல், மாத்திரை கேட்கிறது குகன், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்றீர்கள். எழுதி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் குரலிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜனவரியில் சரி செய்துவிட்டால் சொல்லவே தேவையிருக்காது என்று நினைத்தேன்.

இப்போது சரி செய்துவிட்டேன். சத்தமில்லாமல் போன வாரமே புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். திரும்ப வாசிப்பு பழையபடி இருக்கிறது. ஏப்ரலில் லீவு போட்டு வந்து, உங்கள் லேப்டாப்பில் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துத் தருகிறேன். அனுமதிப்பீர்களா?

குகன்

*

வட்டக்கானல்
20 மார்ச் 2025

குகனுக்கு,

வராதே.

கேத்தரின் எப்படி இருக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நானே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் விழுந்தாள். நாலரை நிமிடம். புருவத்தில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் அந்த டியூட்டி டாக்டர் பெண், இதற்கு முன்னால் இவ்வளவு நேரம் எப்போது வந்தது என்று கேட்டாள். நவம்பரா அக்டோபரா என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞானவேலை நான் மன்னித்துவிட்டேன். போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது, தெரியாமல் துடைத்தார். நீ அப்படியில்லை. வீட்டில் தீப்பிடித்தது தெரிந்து, உன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கியவன் நீ. உள்ளே நானும் என் பிள்ளையும் இருப்பது உனக்குத் தெரியும். இறங்கிய பிறகும் போன் செய்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தாய். உன் பேச்சில் ஒரு வித்தியாசம் கூடத் தெரியவில்லையே, குகன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் கடிதத்தைக் கேத்தரினிடம் காட்டக்கூடாது என்றுதான் பைபிளுக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:

“அப்ப அந்த அண்ணன் தன்னோடத மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சாம்மா?”

ஆமாம் என்றேன். தையல் போட்ட பக்கம் வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு நீ செய்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ‘சத்தமில்லாமல் சரி செய்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சைமன் கணக்குப்படி இன்னும் நாலாயிரம் பேர் அதை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து அவர்கள் எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது? புதிய பதிப்பு வந்ததும் தானாக ஃபைலுக்குள் போய்விட்டதா, இல்லை இன்னும் அந்தத் தற்காலிக இடத்திலேயே கிடக்கிறதா? கிடக்கிறதென்றால், நாளைக்கு யாராவது ஒருவர் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்தால் என்ன ஆகும்?

அவர்களுக்குச் சொல். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை டிக் பொய் சொன்னது, ஏன் சொன்னது, யார் சொல்ல வைத்தது, மூன்றையும் உன் பெயர் போட்டு எழுது. தமிழிலும் எழுது. அது முடியும்வரை எனக்கு எழுதாதே.

லீமா

*

பெங்களூரு
29 மார்ச் 2025

அக்கா,

எழுதிவிட்டேன். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது சரி. தானாகப் போகவில்லை. ஒவ்வொருவரும் விக்கியைத் திறந்து ஒரு முறையாவது சேமி என்று அழுத்தினால்தான் போகும். திறக்காதவர்களுடையது அங்கேயே கிடந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கும்வரை அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இப்போது பிரவுசரைத் திறந்த உடனே என் அறிக்கை முழுப் பக்கத்துக்கு வரும்படி வைத்திருக்கிறேன். முதல் வரி: “2024 ஆகஸ்ட் 19 முதல் நீங்கள் பார்த்த பச்சை டிக் பொய். அதைப் பொய் சொல்ல வைத்தவன் நான். பிரவுசரைத் துடைக்காதீர்கள்.” கீழே என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

ஆறு நாளில் இருநூறு பேருக்கு மேல் எழுதினார்கள். பெரும்பாலும் மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாதவர்கள் இதுவரை பதினொரு பேர். ஒருவருக்குப் போனது முனைவர் பட்டத்துக்கு எடுத்த குறிப்புகள். ஒரு பெண், இறந்துபோன கணவரைப் பற்றித் தினமும் எழுதி வந்திருக்கிறார். பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். நான்கு பேர் மறுபடி எழுதினார்கள், அவற்றை உங்களுக்குச் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து ஒரே வரி போட்டிருந்தார். “நவம்பர்லயே சொன்னேனே தம்பி.” அவருக்கு எதுவும் போகவில்லை. என்னை நம்பாமல் அன்றே நோட்டுக்கு மாறிவிட்டாராம்.

கேத்தியின் தையல் பிரித்தாயிற்றா? முதலில் கேட்டிருக்க வேண்டியது. அவள் என்னை என்ன நினைக்கிறாளோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

குகன்

*

வட்டக்கானல்
22 ஏப்ரல் 2025

குகனுக்கு,

அறிக்கையைப் படித்தேன். சைமனிடமும் காட்டினேன். ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய், அதை ஒத்துக்கொள்கிறேன்.

தையல் பிரித்தாயிற்று. தழும்பு நிற்கும்.

ஈஸ்டர் முடிந்து நேற்று மதுரைக்குப் போனோம். டாக்டர் எங்கள் நோட்டைப் பார்த்தார். மார்ச்சிலிருந்து பெரியது மூன்று, சின்னது பதினேழு. மாத்திரையை மாற்றிய பிறகு முதல் மாதங்களில் இது குறைவாக இருந்து இப்போது ஏறுகிறதா, இல்லை எப்போதும் இப்படித்தானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். குறைவாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். நான் சொன்னால் அவர் தலையாட்டுவார், எழுத மாட்டார். ஜூன் வேண்டாம் என்றார். ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். அவளைத் தேற்ற வாயெடுத்தேன். உன்னைத் திட்டத்தான் ஆரம்பித்தேன், அது எனக்கு இப்போது சுலபமாக வருகிறது. கேத்தரின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை.

“டாக்டர் அந்த லிஸ்ட்ட வாசிச்சப்பதாம்மா எனக்குத் தெரிஞ்சது. ஒண்ணு விடாம அந்த அண்ணன்ட்ட சொல்லியிருக்க. பாவாட நனைஞ்சது வரைக்கும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு பைபிள்ல கை வச்சுச் சொன்னேல்ல?”

சொன்னேன். நீ ஊரை விட்டுப் போன வருடம் அவள் கேட்டாள், நான் கையை வைத்துச் சொன்னேன். குகன் அண்ணனுக்கும் சொல்லக்கூடாது என்று பெயர் சொல்லியே கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு, இந்த ஆகஸ்டிலிருந்து மட்டுமே எட்டு முறை உனக்கு போனில் சொல்லியிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, அவள் விழுந்து எழுந்த பிறகு யாரிடமாவது பேசாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும், நீ எனக்குத் தம்பி மாதிரி, உனக்குத் தெரியாததா என்ன, இப்படியெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். “அந்த அண்ணனும் இப்பிடித்தாம்மா எழுதியிருந்துச்சு” என்றாள்.

பஸ் வந்தது. இரண்டு மாதமாக அவள் மனதில் இது கிடந்திருக்கிறது. நான் உன்னைத் திட்டுவதைக் கேட்டபடியே எனக்கு ஆம்லெட் தட்டுகளைக் கழுவித் தந்திருக்கிறாள். நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். உன்னால் ஒரு வருடம் போயிற்று. ஆனால் அவளுக்கு எது அதிகம் வலித்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றுதான் கேட்டாள். உன் விக்கியில் அவளைப் பற்றி இருப்பது எல்லாவற்றையும் நீ அழிக்க வேண்டும். அந்த எட்டு மட்டுமல்ல, நீ இங்கே தங்கியிருந்த நாட்களில் எழுதியதும். எங்கெங்கே நகல் வைத்திருக்கிறாயோ அங்கேயும். எங்களிடம் இல்லாத அந்த மாதங்களில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், டாக்டரிடம் இருக்கும் எட்டு வரி போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். அவளுடைய உடம்பு, அவள் சொன்னால் சரி.

நீ அழித்தாயா என்று பார்க்க எனக்கு வழி கிடையாது. சைமனுக்கும் கிடையாது. ‘அழித்துவிட்டேன்’ என்று நீ எழுதும் கடிதத்தை நான் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் என்னை நம்ப வேண்டும், நான் உன்னை நம்ப வேண்டும்.

அழித்த பிறகு எழுது. இல்லையென்றால் எழுதாதே.

லீமா